மாவுப்பூச்சி விஷயமாகச் சம்பந்திக்கு ஒரு வாக்குமூலம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே தங்கள் வீட்டில் காவலிருக்கும் நானும் என் மனைவியும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும், பிறந்து எழுபத்தாறு நாளே ஆன நம் பேத்தியும் நலம் என்று முந்தாநாள்தான் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்; ஆனாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்காமல் இருக்கக் கூடாது என்பதால் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீடு பத்திரமாக இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகவில்லை. கூடத்துக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிவிட்டேன். தபால்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். இவ்வளவு விவரமாக எழுதுகிறாரே, செடிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை காணோமே என்று தாங்கள் யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன். போனில் சொல்லலாமே என்றால், போனை எடுத்த மறுநொடி என் மகள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசுகிறீர்கள், ஐந்தாவது ஆள் அழுகிறாள். இது தங்கள் ஒருவர் கண்ணுக்கு மட்டும். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

முதலில் ஒரு பழைய விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கல்யாணப் பேச்சுக்காக நாங்கள் முதன்முதலில் தங்கள் வீட்டுக்கு வந்த அன்று, தேநீரும் பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு யாருக்கும் அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லாரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அப்போது தாங்கள்தான், "சாருக்குச் செடிங்கள்ல ஈடுபாடு உண்டா?" என்று கேட்டீர்கள். சத்தியமாக எனக்கும் செடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் மனைவி முழங்கையால் விலாவில் ஓர் இடி இடித்தாள். வெளியே வந்த வார்த்தை, "செடின்னா எனக்கு உயிர் சார், சின்ன வயசுல இருந்தே." அந்தச் 'சின்ன வயசுல இருந்தே' தேவையே இல்லை, இடி கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. உடனே தாங்கள் என்னைக் கையோடு கண்ணாடி அறைக்கு அழைத்துப்போய், தொட்டியில் வாடி நின்ற எலுமிச்சையைக் காட்டி, இதற்கு என்ன குறை என்று கேட்டீர்கள். திரைச்சீலை என் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது, எரிச்சலில், "வெளிச்சம் பத்தல" என்றேன். தாங்கள் திரையை விலக்கிவிட்டீர்கள். அந்தப் பாழாய்ப்போன செடி ஒரே மாதத்தில் தளதளவென்று துளிர்த்துவிட்டது. கல்யாணத்தன்று தங்கள் உறவினர் ஒவ்வொருவரிடமும் என்னைச் 'செடி டாக்டர்' என்று அறிமுகப்படுத்தினீர்கள். அன்றைக்கு மட்டும் பதினான்கு பேர் அவரவர் வீட்டுச் செடிகளின் நோயைச் சொல்லி மருந்து கேட்டார்கள். பதினான்கு பேருக்கும் வெளிச்சம் பத்தவில்லை என்றே சொன்னேன்.

ஆகவே பேத்தி பிறந்த கையோடு தாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியபோது, முப்பத்தொரு தொட்டியையும் நம்பி ஒப்படைக்க என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்றீர்கள். எலுமிச்சை முன்னால் நின்று, ஏழு வருஷம் கழித்து முதல்முறையாக நான்கு காய் பிடித்திருக்கிறது, இது பழுக்கிற சமயம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு எல்லாருமாக வருவோம், அவள் கையைப் பிடித்துத்தான் முதல் பழத்தைப் பறிக்கவேண்டும் என்று சொல்லிக் கண் கலங்கினீர்கள்.  நான் நெஞ்சை நிமிர்த்தி, "கவலையே படாதீங்க சம்பந்தி, நான் இருக்கேன்ல" என்றேன்.

முதல் ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. தாங்கள் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி தண்ணீர் ஊற்றினேன். பத்தாம் நாள் காலை எலுமிச்சையின் கிளை இடுக்கில் வெள்ளையாக, பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. வேறு எவனாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பான். நான் யார்? முப்பத்தாறு வருஷம் துணி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் உட்கார்ந்து, துணியில் பஞ்சு ஒட்டியிருந்தால் துடைத்துத் தள்ளியே பென்ஷன் வாங்கினவன். பஞ்சு என்பது எனக்குக் கூடப் பிறந்த மாதிரி. ஜன்னல் வழியாகப் பறந்து வந்திருக்கும் என்று நினைத்து, சட்டை துடைக்கிற பிரஷ்ஷை எடுத்து நன்றாகத் துடைத்தேன். கை வேலை கேட்டது. சரி, வந்ததுதான் வந்தோம் என்று அதே பிரஷ்ஷால் பக்கத்துத் தொட்டி, அதற்குப் பக்கத்துத் தொட்டி என்று வரிசையாக முப்பத்தொரு செடிக்கும் இலை இலையாகத் துடைத்துவிட்டேன். தினமும் துடைத்தேன். தபால்காரர் வீடு தவறாமல் கடிதம் போடுவதைப் போல ஒரு தொட்டியையும் விடவில்லை. ஆலையில்கூட நான் அவ்வளவு மனசார வேலை பார்த்ததில்லை.

பலன் கைமேல் கிடைத்தது. ஒரே வாரத்தில் இலையெல்லாம் பளபளவென்று மின்னியது. வீடியோவில் பார்த்த தாங்களே, "என்ன சம்பந்தி, இலைக்கெல்லாம் பாலிஷ் போட்டீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டீர்கள். நானும் வெட்கமில்லாமல், "அது ஒரு முறை இருக்கு, நேர்ல வாங்க சொல்லித் தர்றேன்" என்றேன். சம்பந்தி, அந்தப் பளபளப்பு அந்த வெள்ளைப் பிசாசுகள் செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியே விடுகிற இனிப்புத் தண்ணீர். தாங்கள் பாராட்டியது அதைத்தான். தங்களை அப்படி ஒன்றைப் பாராட்ட வைத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இனிப்புத் தண்ணீர் தரையிலும் சொட்டியது. என் மனைவிக்குச் செருப்பு ஒட்டிக்கொண்டது. எறும்பு வரிசை கட்டி வந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி என்பது தங்களுக்குத் தெரியும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உண்மையைச் சொல்லுங்க, கண்ணாடி ரூம்ல ஒளிஞ்சு உக்காந்து ஜாம் திங்கறீங்களா?" என்றாள். இல்லவே இல்லை என்றேன். "அப்ப எறும்பு என்ன உங்க அழகைப் பாக்கவா வருது?" என்றாள். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. சர்க்கரை டப்பா எங்கே போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் சட்டைப் பையெல்லாம் சோதனை. நடந்துபோகும்போது பின்னாலேயே வந்து என் வாயை மோந்து பார்ப்பாள். நாற்பது வருஷமாக ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தி, ஒரு குற்றமும் செய்யாமல் திருடன் பட்டம் வாங்குவது எவ்வளவு கொடுமை என்பது தங்களுக்குப் புரியும்.

என் நேர்மையை நிரூபிக்க, ஆலையில் இழை எண்ணுவதற்கு வைத்திருந்த பூதக்கண்ணாடியைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு எலுமிச்சைக்கு முன்னால் போய்க் குனிந்தேன். ஒட்டுகிற பொருள் என்ன என்று பார்த்துச் சொல்வதாகத்தான் திட்டம். பஞ்சு தெரிந்தது. பஞ்சுக்குக் கால் இருந்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று கால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாவகாசமாக நடந்து இலைக்குப் பின்னால் போனது. முப்பத்தாறு வருஷத்தில் என் பஞ்சு ஒன்றுகூட நடந்ததில்லை, சம்பந்தி. கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

நர்ஸம்மாவைத் தங்களுக்குத் தெரியுமே, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லாரையும் நோயாளியாகத்தான் பார்ப்பார். ஒரு பார்வைதான். "மாவுப்பூச்சி சார். எல்லாச் செடிக்கும் பரவிடுச்சே! எப்படி இத்தனை நாள் கவனிக்காம விட்டீங்க? செடி டாக்டர்னு சொன்னாங்களே?" என்றார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கவனிச்சேன்மா. கொஞ்சம் வளர விட்டுப் பார்த்தேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ஆனால் நல்ல மனுஷி, மேலே ஒன்றும் கேட்காமல் வைத்தியம் சொன்னார்: செடிகளை ஒன்றுக்கொன்று தொடாமல் பிரித்து வை, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டுத் துடை, பிறகு சோப்புத் தண்ணீர் அடி, முட்டை பொரித்துக்கொண்டே இருக்கும், அதனால் வாரா வாரம் திரும்பச் செய், ஒரு மாதத்துக்கு விடாதே.

பிரித்து வை என்று சொல்வது சுலபம். முப்பத்தொரு தொட்டியை எங்கே பிரித்து வைப்பது? குளியலறையில் ஆறு, படுக்கையறையில் ஒன்பது, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாற்காலிக்கு ஒன்று, மீதி கண்ணாடி அறையிலேயே தள்ளித் தள்ளி. எலுமிச்சை தங்கள் சாய்வு நாற்காலியில் அமர்ந்தது, மரியாதைக்காக. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். குளிக்கப் போனால் பெரிய இலைச் செடி ஒன்று முதுகைத் தடவிக்கொடுக்கும். முதல் நாள் நான் துண்டோடு வெளியே ஓடி வந்துவிட்டேன்.

ஸ்பிரிட் வைத்தியம் தொடங்கியது. காலையிலிருந்து கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பஞ்சால் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். ஒரு செடியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், துடைத்த செடியில் மறுபடி வெள்ளை. விட்டேனா பார் என்று திரும்பத் துடைத்தேன். மறுபடி வெள்ளை, முன்னைவிட அதிகம். நாலு நாள், சம்பந்தி! ஆறு கட்டுப் பஞ்சு காலி. இவை என்ன ராட்சச வம்சமா என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது என் மனைவி வந்து ஒரு வெள்ளையை விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இது பூச்சி இல்லைங்க. நீங்க தேய்க்கிற பஞ்சு. பிஞ்சு பிஞ்சு முள்ளுல ஒட்டிக்குது" என்றாள். அதாவது நாலு நாளாக நான் பஞ்சால் பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஞ்சுக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் எப்படித்தான் உங்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்களோ என்று அவள் கேட்டாள்.  போதாக்குறைக்கு நான் ஸ்பிரிட் தடவியதெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கிற கண்ணாடிப் பக்கமாக உட்கார்ந்து. நாலு செடியின் இலை வெந்து கருகியது. எலுமிச்சையில் ஒரு காய் பொத்தென்று விழுந்தது.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. விழுந்த காயைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன்.

மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகை வண்டு இருக்கிறதாம். அதன் குஞ்சுகளை டப்பாவில் அடைத்துத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று எங்கோ படித்து, ஐம்பது குஞ்சுக்குச் சொல்லிவிட்டேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. இருக்கிற பூச்சி போதாதென்று காசு கொடுத்துப் பூச்சி வாங்கினீர்களா என்று கேட்பாள், கேட்டால் என்ன சொல்வது? டப்பா வந்த அன்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஐம்பதையும் செடிகளில் விட்டுவிட்டு, டப்பாவைக் குப்பையில் மறைத்துவிட்டு, நிம்மதியாக முடிவெட்டிக்கொள்ளப் போனேன். திரும்பி வந்தால் கூடத்தில் மனைவியும் நர்ஸம்மாவும் வியர்த்து விறுவிறுத்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் போரில் வென்ற களை.

"என்னங்க, நீங்க அந்தப் பக்கம் போனதும் பாக்கறேன், ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு! இந்தப் பூச்சிங்களோட பாட்டன் மாதிரி! சடை சடையா வெள்ளை! நல்லவேளை, நர்ஸம்மா ஓடி வந்தாங்க. ஒண்ணு விடல. எண்ணி எண்ணி ஸ்பிரிட்ல முக்கினோம்."

"எத்தனை இருந்துச்சு?" என்று கேட்டேன். 

"கரெக்டா ஐம்பது" என்றார் நர்ஸம்மா.

சம்பந்தி, அந்த வண்டுக் குஞ்சு பார்ப்பதற்கு அச்சு அசல் மாவுப்பூச்சி மாதிரியே இருக்குமாம், உருவத்தில் மட்டும் பெரியதாம். டப்பாவின் மேல் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. இழை எண்ணும் கண்ணாடி கையில் இருந்தும் நான் அதைப் படிக்கவில்லை. அன்று உண்மையைச் சொன்னேன். என் மனைவி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்து, "பாவம், நம்மளை நம்பி வந்துச்சுங்க" என்று அந்த ஐம்பதுக்காக வருத்தப்பட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இதெல்லாம் எதனாலன்னு தெரியுமா? ஒரு தடவ தெரியாதுன்னு சொல்லியிருந்தா இவ்வளவும் வந்திருக்குமா?" என்றாள். அன்று இடித்தது யார் என்று கேட்க நினைத்தேன். முழங்கை பக்கத்தில்தான் இருந்தது, கேட்கவில்லை.

அதற்குப் பிறகு புத்தி வந்து, நர்ஸம்மா சொன்னபடியே செய்தோம். பஞ்சை விட்டுவிட்டுச் சின்ன வர்ணத் தூரிகை. வெயில் தாழ்ந்த பிறகுதான் ஸ்பிரிட். தொட்டிகளை இந்த மூன்றாம் மாடி வீட்டின் பின்பக்கப் பால்கனிக்குத் தூக்கிப்போய், கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்து, குழாயில் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். ஒளிந்திருந்ததெல்லாம் சுவரைத் தாண்டிப் பறந்தது. பிறகு சோப்புத் தண்ணீர், மறுநாள் நல்ல தண்ணீர். இப்படி ஐந்து வாரம். கடைசிப் பத்து நாளாக முப்பத்தொன்றில்... மன்னிக்கவும், இருபத்தேழில், ஒரு பூச்சிகூட இல்லை. நாலு செடி போய்விட்டது. எலுமிச்சையில் இலை பாதி உதிர்ந்துவிட்டது, இலையோடு இன்னும் இரண்டு காயும் போய், ஒன்றே ஒன்று நிற்கிறது. அதற்கு ஒரு சின்னத் துணித் தொட்டில் கட்டிக் கிளையோடு சேர்த்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் போய்த் தொட்டுப் பார்ப்பேன், இன்னும் இருக்கிறதா என்று. பேத்திக்கு அந்த ஒன்றாவது மிஞ்ச வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

சம்பந்தி, நான் செடி டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. அன்று சொன்னது பொய், பிறகு சொன்னதெல்லாம் அந்தப் பொய்யைக் காப்பாற்றச் சொன்னவை. மகளைக் கொடுக்கிற இடத்தில் நாலு பேர் மதிக்க வேண்டும் என்ற ஆசையில் சொல்லிவிட்டேன். அவளுக்கு இது எதுவும் தெரியாது. அப்பாவுக்குச் செடி என்றால் உயிர் என்று தாங்கள் சொல்லித்தான் அவளே தெரிந்துகொண்டாள், ஒரு நாள் என்னிடம், "எப்பப்பா இதெல்லாம்?" என்று கேட்டாள். கோபம் என் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். உன் அப்பா இப்படியா என்று அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். அவள் முகம் வாடுவதை நினைத்துத்தான் இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன், அதை நினைத்துத்தான் இப்போது எழுதுகிறேன். இனி என் ஆயுளில் எந்தச் செடியைப் பற்றியும் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை என்று மனைவி முன்னிலையில் உறுதி கூறியிருக்கிறேன். அவள் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், இருவரும் முறை வைத்துத் தூங்கச் சொல்லவும். குழந்தை நூறு வயது நோய் நொடியில்லாமல், பூச்சி பொட்டு அண்டாமல் வாழட்டும். அவள் உள்ளங்காலில் எங்கள் சார்பில் ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
மன்னிப்பை எதிர்பார்த்திருக்கும் தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் வாசல் மணி அடித்தது. திறந்தால் குடியிருப்புச் சங்கச் செயலாளர், கையில் ரோஜாத் தொட்டி. அவருக்குப் பின்னால் இரண்டாம் மாடிப் பல் டாக்டர், முதல் மாடித் தையற்கார அம்மா, கீழ்வீட்டுத் தம்பதி, படியெல்லாம் ஆளும் தொட்டியுமாக நிற்கிறார்கள். எல்லாத் தொட்டியிலும் வெள்ளை. "எங்கிருந்துதான் வந்துச்சுன்னே தெரியல சார், மேலேருந்து கொட்டுன மாதிரி ஒவ்வொரு மாடியா எறங்குது" என்றார் செயலாளர். எனக்குத் தெரிந்தது. நான் குழாயை எந்தப் பக்கம் பிடித்திருந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "உங்க சம்பந்தி போன்ல சொன்னார், இந்தக் கட்டடத்துக்கே நீங்க இருக்கும்போது என்ன கவலைன்னு. எப்படியாவது காப்பாத்துங்க சார்" என்றார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சம்பந்தி, இந்த முறை யாரும் இடிக்கவில்லை. தங்கள் வார்த்தை பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான், "வரிசையா வைங்க. இதுல எனக்கு நாப்பது வருஷ அனுபவம்" என்றேன். ஆகவே செயலாளர் மறுபடி போன் செய்தால் தாங்களும் நாற்பது என்றே சொல்லவும். மேலே எழுதியிருப்பதில் குழந்தையின் காலில் முத்தம் என்பதைத் தவிர வேறு எதையும் தயவுசெய்து நம்ப வேண்டாம்.